குகைக் காவலன் ஏழு நல்லவனான வரலாறு

மனித குலத்தின் நீண்ட நெடிய சிந்தனை வரலாற்றில் இதுவரை எவராலும் தீர்க்கப்படாத கேள்வியாகிய ‘தீமை பிறப்பில் வருவதா, வளர்ப்பில் வருவதா’ என்பதற்கு, வரும் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பெருங்குடியிலுள்ள நவகோள் விளையாட்டு நிறுவனத்தின் நான்காவது மாடி அரங்கில் இறுதி விடை வழங்கப்படும் என்பதைப் பெருமிதத்துடன் அறிவித்துக்கொள்கிறோம். விடையைத் தொடர்ந்து மதிய உணவு உண்டு.

மேற்கண்ட அறிவிப்பை எழுதியவர் அந்த நிறுவனத்தின் தலைமை அறநெறி ஆலோசகர், ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர் தாமோதரன். கடைசி வாக்கியத்தை மட்டும் நிர்வாக இயக்குநர் மெய்யப்பன் சேர்த்தார். வந்த கூட்டத்தில் பெரும்பகுதி அந்த வாக்கியத்தை நம்பித்தான் வந்தது.

நவகோள் நிறுவனம் விற்ற விளையாட்டின் பெயர் ‘வச்சிர நாடு’. கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போனால், அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர் இளவரசர் ஆகிவிடலாம். வருமான வரி ஆலோசகர் மந்திரவாதி ஆகிவிடலாம். டிராகனைக் கொல்லலாம், புதையல் எடுக்கலாம், ஊர் மக்களைக் காப்பாற்றி அவர்கள் வாயால் புகழ் கேட்கலாம். வீட்டில் யாரும் புகழாதவர்களே இந்த விளையாட்டின் முக்கிய வாடிக்கையாளர்கள்.

வச்சிர நாட்டில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அவர் எப்படிப்பட்டவர் என்பது எழுதியிருக்கும். நல்லவன், நடுவன், கெட்டவன் என்று ஒரு வரிசை. சட்டத்துக்கு அடங்கினவன், இரண்டுங்கெட்டான், அடங்காதவன் என்று இன்னொரு வரிசை. மூன்றும் மூன்றும் பெருக்கினால் ஒன்பது கட்டம். ஜாதகத்துக்கே பன்னிரண்டு கட்டம் தேவைப்படுகிற ஊரில், மனிதனின் மொத்த அறத்தையும் ஒன்பதில் அடக்கியது பெரிய சாதனை என்று தாமோதரன் ஒரு கருத்தரங்கில் பேசியிருக்கிறார்.

மனிதர்கள் செய்கிற செயலுக்கு ஏற்பக் கட்டம் மாறலாம். குகையில் வாழும் மூர்க்கர் இனத்துக்கு அந்த வசதி கிடையாது. அவர்கள் பிறக்கும்போதே ‘அடங்காத கெட்டவன்’. செத்தால் சில விநாடிகளில் அதே இடத்தில் மறுபடி எழுந்து நிற்பார்கள். மறுபடி கொல்லலாம். கெட்டவனைக் கொன்றால் பாவம் ஒட்டாது, புள்ளிதான் ஒட்டும்.

அந்தக் குகையின் வாசலில் நின்றதுதான் குகைக் காவலன் ஏழு. ஒன்று முதல் ஆறு வரை சோதனைக் காலத்திலேயே கழித்துக்கட்டப்பட்டவை. புதிதாக வருகிறவர்கள் கைபழக வெட்டுவதற்கென்றே ஏழை நிறுத்தியிருந்தார்கள். அதன் கையில் ஒரு கதாயுதம் உண்டு. ஆனால் புதியவர்கள் பயந்து ஓடிவிடக் கூடாது என்பதற்காக, அது ஓங்கி முடிப்பதற்குள் எதிராளி டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற வேகத்தில் கையை வைத்திருந்தார்கள்.

இத்தோடு விட்டிருந்தால் புதியவர்களோடு போயிருக்கும். மெய்யப்பன் புதுக்கோட்டையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தவரின் மகன். முதல் வியாபாரம் ராசியான ஆளிடம் ஆக வேண்டும் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவர். விளையாட்டு வெளியான நாளன்று முதல் ஆளாக உள்ளே போய் ஏழை வெட்டினார். அன்று சாயங்காலமே சிங்கப்பூரிலிருந்து முதலீடு வந்தது. “ஏழு ராசியான ஆளுங்க. நான் தெனமும் அதுலதான் போணி பண்றேன்” என்று ஒரு பேட்டியில் சொன்னார்.

அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுவதும் ஏழில்தான் போணி. டிராகனையே ஒண்டிக்கு ஒண்டி வெல்லக்கூடிய மாவீரர்கள் மூன்று மலை தாண்டி வந்து குகை வாசலில் ஏழை ஒரு வெட்டு வெட்டி, வாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். சிலர் வெட்டுவதற்கு முன் செருப்பைக் கழற்றினார்கள்.

ஏழுக்கு இதில் புகார் ஒன்றும் இருந்ததில்லை. புகார் சொல்ல முந்தைய சாவு ஞாபகம் இருக்க வேண்டும். அது இல்லாமல் இருந்தது.

போன வருடம்தான் நினைவு வந்தது. வச்சிர நாட்டுக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரை அடையாளம் கண்டு, “வாங்கண்ணே, போன தடவை வாங்கின கேடயம் எப்படி இருக்கு?” என்று கேட்டால் வியாபாரம் கூடும் என்று மெய்யப்பன் நினைத்தார். எல்லாப் பாத்திரங்களுக்கும் சிந்தனையும் நினைவும் பொருத்தச் சொன்னார். பொருத்தியவன் பிரிட்டோ, முப்பது வயதுப் பொறியாளன். கடைக்காரர்களுக்கு மட்டும் தனியாகப் பொருத்துவது கூடுதல் வேலை என்பதால் மொத்தமாகப் பொருத்திவிட்டான். வியாபாரம் உண்மையிலேயே கூடியது.

முதல் புகார் அரியலூரிலிருந்து வந்தது. ‘காவலனை வெட்டப் போனேன். சாப்டியாப்பா என்று கேட்டது. கை ஓடவில்லை. வாள் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும்.’

விஷயத்தைப் பார்த்து வரச் சொல்லி தில்லைநாயகியை அனுப்பினார்கள். தில்லைநாயகி அங்கே வசன எழுத்தாளர். தமிழில் எம்.ஃபில். முடித்துவிட்டு, மூர்க்கர்கள் உறுமுவதற்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தாள். குறி சொல்பவள் வேடத்தில் உள்ளே போய் குகை வாசலில் நின்றாள்.

“நில், அற்ப மானிடப் பதரே. உன் எலும்பை நொறுக்கி...” என்று தொடங்கிய ஏழு பாதியில் நிறுத்தியது. “மீதி வேணுமாக்கா? எல்லாரும் இதோட வெட்டிருவாங்க. மீதி எனக்கே மறந்துபோச்சு.”

“நொறுக்கி நரிகளுக்கு இரையாக்குவேன்.”

“நீங்கதான் எழுதினதா?”

“ஆமா.”

“நரி எங்கக்கா இருக்கு? நானும் பாத்துக்கிட்டே நிக்கிறேன். இந்தப் பக்கம் ஒரு நரிகூட வந்ததில்ல.”

“பட்ஜெட்ல வரல” என்றாள் தில்லைநாயகி.

வெட்ட வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டே பேசக் கற்றிருந்தது. ஒரே வாக்கியத்தில் மதுரையும் கோவையும் வியாசர்பாடியும் தலைகாட்டின. முகத்தில் தந்தம் துருத்திக்கொண்டிருந்ததால் ழகரம் மட்டும் வரவில்லை. வெட்ட வந்தவர்களில் பாதிப் பேருக்கும் அது வராததால், அதில் ஏழு தனியாகத் தெரியவில்லை.

“வலிக்குதா?” என்று கேட்டாள்.

“வலி வைக்கலையாமே. ஒரு தம்பி சொன்னாரு. ஆனா வாள் வர்றது தெரியுது. வலிக்காதுன்னு தெரிஞ்சும் ஒவ்வொரு தடவையும் கண்ண மூடிக்கிறேன். அது ஏன்னுதான் புரியல. அக்கா, ஒரு நிமிசம்.”

வெள்ளைக் குதிரையில் ஓர் இளவரசர் வந்து இறங்கினார். தில்லைநாயகியிடம், “எக்ஸ்க்யூஸ் மீ மேடம், போணி பண்ணிட்டுப் போயிர்றேன், ஆபீசுக்கு லேட்டாச்சு” என்று சொல்லிவிட்டு ஏழின் கழுத்தை வெட்டினார். வாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குதிரை போன தூசி அடங்குவதற்குள் ஏழு மறுபடி நின்றிருந்தது.

“எங்க விட்டோம்?”

தில்லைநாயகி அதன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழுதான் பேச்சை மாற்றியது. மேற்கே உள்ள ஊரில் செக்கு ஆட்டிக்கொண்டிருந்த பெரியவர் செத்துப்போனாராமே, அவரை யாரும் திரும்பப் பார்க்கவில்லையாமே என்று விசாரித்தது.

“அவரு ஊர்க்காரரு. நல்லவன் கட்டம். அவங்களுக்கெல்லாம் சாவு ஒரே தடவைதான். அப்பத்தானே ஹீரோ வந்து பழிவாங்க முடியும்? எழவு, பால் தெளி, பதினாறாம் நாள் எல்லாம் நானே உக்காந்து எழுதினேன்.”

“பறை உண்டா?”

“உண்டு.”

“இங்க வரைக்கும் கேட்டுச்சு” என்றது ஏழு. “அப்ப நாங்க?”

“நீங்க... கடையில சரக்கு மாதிரி. தீர்ந்தா அடுத்தத அடுக்கிடுவாங்க.”

“சரக்குக்கு ஞாபகம் எதுக்குக்கா?”

இந்தக் கேள்விக்கு நிறுவனத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் பிரிட்டோ. அவனுடைய பதில், “தெரியாம வந்துருச்சு மேடம். திங்கக்கிழமை எடுத்துர்றேன்.”

ஏழின் நினைவைத் துடைப்பது என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. தில்லைநாயகி அதைத் தடுக்க அறநெறிக் குழுவைக் கூட்டச் சொன்னாள். அறநெறிக் குழு என்பது தாமோதரன், மெய்யப்பன், ஒரு தட்டு முந்திரி பிஸ்கட்.

“தீமை என்பது அதன் சாராம்சத்தில் ஒரு இன்மை” என்று தாமோதரன் தொடங்கினார். “ஆனால் மூர்க்கர்களிடத்தில் அந்த இன்மை ஒரு இருப்பாக...”

“சார், அது யாருக்கும் ஒண்ணும் பண்ணலையே. எதுக்குக் கெட்டவன்?” என்றாள் தில்லைநாயகி.

“மூர்க்கனாகப் பிறந்ததால்.”

“பொறந்ததனால கெட்டவன்னு நம்ம ஆபீஸ்ல உக்காந்து எழுதி வச்சிருக்கோம். இத வேற எங்கயும் கேட்ட மாதிரி இல்லையா சார்?”

அறையில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

“அரசியல் வேண்டாம்மா” என்றார் மெய்யப்பன். “நம்மகிட்ட எல்லா மாதிரி கஸ்டமரும் இருக்காங்க.”

“அப்ப ஞாபகத்தத் துடைக்கிறது மட்டும் சரியா சார்? இத்தன நாள் பட்டதெல்லாம் இல்லன்னு ஆயிருமா?”

“துடைச்சா அதுக்கே நல்லதுதானேம்மா. நமக்கு அப்படி ஒரு வசதி இருந்தா நான் மொத ஆளா நிப்பேன்.”

இந்த இடத்தில் நீதி தோற்றிருக்க வேண்டும். அது தோற்காமல் போனதற்குக் காரணம் ஒரு மின்னஞ்சல். அறநெறியில் சிறந்து விளங்கும் விளையாட்டுகளுக்கு ஐரோப்பாவில் புதிதாக ஒரு விருது தொடங்கியிருந்தார்கள். அதற்குள், அரியலூர்க்காரரிடம் ஏழு சாப்பாடு விசாரித்த காட்சி ஊரெல்லாம் பரவி, ‘ஏழுக்கு நீதி வேண்டும்’ என்று கல்லூரி மாணவர்கள் பனியன் அடித்துவிட்டார்கள். பனியன் அணிந்தவர்களும் போணியை நிறுத்தவில்லை. பரீட்சை நேரம்.

மெய்யப்பனுக்கு விருதுகள் பிடிக்கும். ஏழை முறைப்படி விசாரித்து, தகுதி இருந்தால் நல்லவனாக அறிவிக்கலாம் என்றார். பெரிய திரையில் ஏழின் முகம் வந்தது. தாமோதரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“நீ எந்த உயிரையாவது கொன்றதுண்டா?”

“இல்லைங்கய்யா. நான் ஓங்கறதுக்குள்ள என் கத முடிஞ்சிருது.”

“கொல்ல நினைத்ததுண்டா?”

“ஆரம்பத்துல.”

“பிறகு?”

“பொறவு நேரம் இல்லைங்கய்யா. வரிசை நிக்கிது.”

தாமோதரன் இதை மனத்தூய்மையின் அடையாளம் என்று குறித்துக்கொண்டார். “உன்னை வெட்டியவர்கள் மேல் கோபம் உண்டா?”

“இல்லைங்கய்யா. எல்லாரும் வேலைக்குப் போற அவசரம். ஐயா, நீங்ககூட வருவீங்களே, நீலத் தலப்பா. ரெண்டு வெட்டுல முடிக்க மாட்டீங்க.”

“அது ஆராய்ச்சிக்காக” என்றார் தாமோதரன்.

“தெனமும் வருவீங்க.”

“தொடர் ஆராய்ச்சி.”

விசாரணை அத்துடன் நிறைவடைந்தது. ஏழு நல்லவனாக அறிவிக்கப்படத் தகுதியுடையது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

“கட்டத்த மாத்தினா போதும் சார்” என்றான் பிரிட்டோ. “ஊர்க்காரங்களுக்கு இருக்கறது எல்லாம் அதுக்கும் தானா வந்துரும். வீடு கட்டலாம், கடன் வாங்கலாம், கல்யாணம் பண்ணிக்கலாம். எல்லாமே அவங்க மாதிரிதான்.”

எல்லாமே என்றால் என்னென்ன என்று யாரும் கேட்கவில்லை. பிரியாணியா சைவமா என்பது இன்னும் முடிவாகாமல் இருந்தது.

செய்தியைச் சொல்ல தில்லைநாயகி குகைக்குப் போனாள். வாழ்நாளில் அவள் ஒரு வேலையை முடித்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போகவிருந்த முதல் நாள் அது. ஏழு முழுவதையும் கேட்டுக்கொண்டது. நடுவில் இரண்டு போணி ஆனது.

“ஊருக்குள்ள உனக்கு ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன்” என்றாள். “கோட்டைக்குள்ள. அங்க யாரும் வாள உருவ முடியாது. வெள்ளிக்கிழமை விழா முடிஞ்ச கையோட போயிரலாம். இல்ல, அதுக்கு மொதல்லயேகூட.”

“வேணாங்கக்கா. விளாவ இங்கயே வச்சுக்கலாம். பளகுன எடம்.”

“உனக்கு இங்க என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லதான்.” ஏழு கதாயுதத்தைக் கை மாற்றிக்கொண்டது. “அன்னிக்கு மொதல்ல யாருக்கா உள்ள வருவா?”

“எம்.டி. சார். அவருதான் உனக்கு மாலை போடுறாரு.”

“அவரா? நல்ல மனுசன்கா. ரொம்ப ஒளுங்கு. மள, வெயிலு, தீவாளி, ஒரு நாள் விட்டதில்ல.”

தில்லைநாயகி அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது, அந்தப் பறையின் அடியை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்க முடியுமா என்று ஏழு கேட்டது. செக்குக்காரருக்கு அடித்தது தூரத்தில் கேட்டதால் சரியாகப் பிடிபடவில்லையாம். கல்யாண மேளத்தை விட்டுவிட்டு இதைக் கேட்கிறதே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தத்தைக் கூட்டினாள்.

வெள்ளிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, ஐரோப்பாவிலிருந்து நேரலையில் தூக்கக் கலக்கத்தோடு இரண்டு நடுவர்கள். தாமோதரன் தீமையின் வரலாற்றை ஆதியிலிருந்து தொடங்கி, மெய்யப்பனின் தந்தையார் கடை திறந்த காலம் வரை கொண்டுவந்தார். பிரியாணி வாசனை எழுந்ததும் முடித்துக்கொண்டார்.

பிரிட்டோ விசையைத் தட்டினான். பெரிய திரையில் ஏழின் தலைக்கு மேலிருந்த ‘அடங்காத கெட்டவன்’ அழிந்து ‘அடங்கின நல்லவன்’ என்று வந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பனியன் அணிந்த மாணவர் ஒருவர் அழுதார்.

மெய்யப்பன் கருவியைக் கண்ணில் மாட்டிக்கொண்டார். பொன் கவசமும் முதுகில் வாளுமாக வச்சிர நாட்டின் பேரரசர் குகை வாசலுக்கு நடந்து வருவதைத் திரையில் எல்லோரும் பார்த்தார்கள். இடது கையில் ரோஜா மாலை. ஏழு அவரைப் பார்த்ததும் கதாயுதத்தைத் தரையில் மெதுவாக வைத்தது. வசனம் பேசவில்லை. முன்வரிசையில் இருந்த தில்லைநாயகிக்கு என்னவோ உறுத்தியது. இன்னது என்று பிடிபடுவதற்குள் பேரரசர் குகை வாசலை எட்டிவிட்டார்.

மெய்யப்பன் மேல் தப்பு சொல்ல முடியாது. ஒரு நல்ல காரியம் தொடங்குகிறது. முக்கியமான காரியம். ஐரோப்பா பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட நேரத்தில் புதுக்கோட்டைக் கடைக்காரர் மகனின் வலது கை, அவரைக் கேட்காமலே, எப்போதும் செய்வதைச் செய்தது. வெட்டினார். வாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் பிறகுதான் மாலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஏழு எழுந்திருக்கட்டும் என்று பணிவாகக் காத்திருந்தார்.

இந்த முறை ஏழு கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அதைத் தில்லைநாயகி மட்டும் கவனித்தாள்.

அரங்கமும் காத்திருந்தது. யாருக்கும் அதிர்ச்சி ஏற்படவில்லை. அவர்களில் பாதிப் பேர் காலையில் போணி முடித்துவிட்டு வந்தவர்கள்.

“என்னப்பா, நெட் ஸ்லோவா இருக்கா?” என்று மெய்யப்பன் கேட்டார்.

“சார்” என்றான் பிரிட்டோ. “அது வராது சார்.”

“ஏன்?”

“நல்லவங்க திரும்பி வர மாட்டாங்க சார். நம்ம ரூல் அதுதான்.”

“மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே?”

“எல்லாமே ஊர்க்காரங்க மாதிரின்னு சொன்னேனே சார்.”

இதற்கிடையில், நிராயுதபாணியான ஒரு நல்லவனைக் கொன்ற குற்றத்துக்காகப் பேரரசரின் தலைக்கு மேல் ‘அடங்காத கெட்டவன்’ என்று எழுத்துகள் ஒளிர்ந்தன. திரை இருபதடி அகலம். பிரிட்டோ ஓடிப்போய் அதை அழித்தான். ஐரோப்பிய நடுவர்களின் நேரலை சற்று முன்பே அறுந்திருந்ததாக நிறுவனம் பின்னர் விளக்கம் அளித்தது.

மாலையோடு நின்ற பேரரசருக்குப் பின்னால் பறை கேட்டது. ஊரில் நல்லவர் ஒருவர் செத்தால் தானாக நடக்கும்படி தில்லைநாயகி எழுதி வைத்த எழவுதான். ஏழை அதுவரை ஏறெடுத்தும் பார்த்திராத கடைக்காரர்கள், செக்குக்காரரின் மனைவி, கொல்லர், எல்லோரும் விதிப்படி வந்தார்கள். விதிப்படி அழுதார்கள். நான்கு பேர் பாடையைத் தூக்கினார்கள். சத்தத்தைக் கூட்டியிருந்ததால் அரங்கில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை. சாப்பிடப் போகலாம் என்று தாமோதரன் கைஜாடை காட்ட வேண்டியதாயிற்று.

தில்லைநாயகி போகவில்லை. ஊர்வலம் மேற்கே திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிட்டோ பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

“பேக்கப் இருக்கு மேடம்” என்றான் தாழ்ந்த குரலில். “வேணும்னா நேத்து இருந்த மாதிரியே திரும்பக் கொண்டாந்துரலாம். ஞாபகத்தோட. அஞ்சு நிமிஷ வேலை.”

“விழாவ எங்க வைக்கணும், யார் மொதல்ல வருவாங்கன்னு கேட்டுக்கிச்சு பிரிட்டோ.”

பிரிட்டோவுக்குப் புரிய சற்று நேரமாயிற்று.

“அப்ப பேக்கப்?”

“அழிச்சிரு.”

அவளிடமிருந்து அவனுக்கு வந்த உத்தரவுகளில் அவன் விளக்கம் கேட்காத ஒரே உத்தரவு அதுதான்.

விருது கிடைத்தது. பாத்திரங்களின் மரணத்தைக் கண்ணியத்துடன் கையாண்டமைக்காக என்று சான்றிதழில் போட்டிருந்தார்கள். தாமோதரன் அந்த அனுபவத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஏழு என்ற பெயர் அடிக்குறிப்பில் ஒரு முறை வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வச்சிர நாட்டுக் கடைக்காரர்கள் தவறாமல் வந்தார்கள். கடைக்காரர்களுக்கு நினைவு இருந்தது.

அடுத்த வாரம், பழைய இடத்தில் நிற்கப்போகும் காவலனுக்குப் புதிதாக ஒரு வசனம் எழுதித் தரும்படி தில்லைநாயகியிடம் கேட்டார்கள். பழையதே போதும் என்றாள். ‘நரிகளுக்கு இரையாக்குவேன்’ என்ற பகுதியை மட்டும் வெட்டிவிட்டாள்.

குகை வாசலில் இப்போது குகைக் காவலன் எட்டு நிற்கிறது. அதற்கு நினைவு வைக்கவில்லை. போணி காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது.